சின்னப் பள்ளிக்கூடத்தின் ஓ.எல் பெறுபேறு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வலிகாமம் மேற்குப் பக்கம், தரம் 11 வரை மட்டும் உள்ள ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் கணிதம் படிப்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகும் அபிவிருத்திச் சங்கத்துக்காகப் பெறுபேற்று அட்டவணை போட்டுக் கொடுக்கிறேன். ஓ.எல், அதாவது தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வரும் வாரத்தில் சந்தையிலும் கோயில் வாசலிலும் கனடாவிலிருந்து வரும் போனிலும் கேட்பது எல்லாம் ஒரே கேள்விகள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். கணக்கு விளங்குவதற்காகப் போட்ட எண்கள் உதாரணங்கள் மட்டுமே. எந்த ஆண்டின் உண்மைப் பெறுபேறும் இதில் இல்லை.

உங்கட பள்ளிக்கூடம் என்ன வகை சேர்? ஏ.எல் இல்லையோ?

இல்லை. இலங்கையில் அரச பாடசாலைகள் நான்கு வகை. ஏ.எல் எனும் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ளவை 1ஏபி. கலையும் வணிகமும் மட்டும் உள்ளவை 1சி. தரம் 11 உடன் முடிபவை வகை 2. ஆரம்ப வகுப்புகளோடு, அல்லது தரம் 8 உடன் நிற்பவை வகை 3. நாங்கள் வகை 2. ஓ.எல் முடிந்ததும் பிள்ளை வேறு பள்ளிக்கூடம் தேடித்தான் ஆக வேண்டும்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று ஐந்து கல்வி வலயங்கள். ஐந்திலும் எங்களைப் போன்ற பள்ளிக்கூடங்கள் உண்டு. பத்திரிகையில் படம் வருவது 1ஏபி பிள்ளைகளுக்குத்தான்.

ஓ.எல் பாஸ் எண்டால் ஒன்பதும் பாஸ் பண்ண வேணுமோ?

வேண்டாம். பாடங்கள் ஒன்பது. சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லோருக்கும் பொது; மற்ற மூன்றும் பிள்ளை தெரிவு செய்பவை. 75இலிருந்து ஏ, 65இலிருந்து பி, 50இலிருந்து சி, 35இலிருந்து எஸ். அதற்குக் கீழே டபிள்யூ, அதாவது சித்தியின்மை.

அட்டவணையில் நாங்கள் “சித்தி” என்று போடுவது உயர்தரத்துக்குத் தகுதி பெற்றவர்களை. அதற்குத் தமிழும் கணிதமும் அடங்கலாக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், அவற்றில் மூன்றிலாவது சி அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஆகவே எட்டுப் பாடத்தில் சி எடுத்து கணிதத்தில் மட்டும் டபிள்யூ எடுத்த பிள்ளை “சித்தியடையாதவர்” நிரலில்தான் போய் நிற்கும். எட்டு டபிள்யூ எடுத்த பிள்ளையும் அதே நிரலில்தான். இந்த ஒரு விசயம் விளங்கினால் பெறுபேற்று அட்டவணையின் பாதி விளங்கின மாதிரி.

2023 ஓ.எல் எண்டு போட்டிருக்கு, எழுதினது 2024 இல தானே?

ஓம். கொரோனாவும் 2022 பொருளாதார நெருக்கடியும் பரீட்சைக் காலத்தைக் குழப்பிவிட்டன. 2021க்குரியது 2022 மே மாதத்திலும், 2023க்குரியது 2024 மே மாதத்திலும், 2024க்குரியது 2025 மார்ச்சிலும் நடந்தன. ஆண்டை ஒப்பிடும்போது பரீட்சைக்குரிய ஆண்டைப் பாருங்கள்; எழுதிய மாதத்தைப் பார்த்தால் குழம்பிப்போவீர்கள்.

போன முறை 58 வீதம், இந்த முறை 44. ரீச்சர்மார் என்ன செய்யினம்?

தலைகளை எண்ணிப் பாருங்கள். 12 பேர் எழுதி 7 பேர் தகுதி பெற்றால் 58.3 வீதம். அடுத்த முறை 9 பேர் எழுதி 4 பேர் என்றால் 44.4. பதினான்கு வீதம் விழுந்துவிட்டது என்று கூட்டத்தில் கத்துகிறோம். அந்த 9 பேரில் இன்னும் ஒரே ஒரு பிள்ளை கணிதத்தில் 33க்குப் பதிலாக 35 எடுத்திருந்தால் 55.6 ஆகியிருக்கும். பிறகு யாரும் கத்தியிருக்க மாட்டார்கள்.

200 பேர் எழுதும் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை அரை வீதம். 12 பேர் எழுதும் இடத்தில் ஒரு பிள்ளை 8.3 வீதம். ஒரு பிள்ளைக்குப் பரீட்சைக்கு முதல்நாள் டெங்குக் காய்ச்சல் வந்தாலே எங்கள் “தரம்” எட்டு வீதம் இறங்கிவிடும். 100 வீதம் வந்த வருடத்திலும் இதே கணக்குத்தான். அந்த வருடம் எங்களுக்கு மாலை போட்டார்கள். நானும் கழுத்தை நீட்டினேன்.

அப்ப எந்த வீதத்தைத்தான் நம்புறது?

மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். சேர்ப்பதிலும் ஒரு பிழை வழக்கமாக விடுகிறார்கள்: மூன்று வீதங்களைக் கூட்டி மூன்றால் பிரிப்பது. முன்னர் சொன்ன 12இல் 7, 9இல் 4, மூன்றாவது ஆண்டு 14இல் 9 என்று வைப்போம். வீதங்களின் சராசரி 55.7 வரும். பிள்ளைகளைக் கூட்டினால் 35இல் 20, அதாவது 57.1. இரண்டாவதுதான் சரி. 9 பேர் எழுதிய ஆண்டுக்கும் 14 பேர் எழுதிய ஆண்டுக்கும் ஒரே நிறை கொடுக்கக் கூடாது.

இன்னும் நல்லது, வீதத்தையே விட்டுவிட்டு “35இல் 20” என்றே சொல்வது. நான் அட்டவணையில் அப்படித்தான் போடுகிறேன். சங்கத்தில் சிலருக்குப் பிடிக்கவில்லை.

அதிபர் ஒரு வீதம் சொல்லுறார், நீங்கள் வேற வீதம் சொல்லுறியள். ஆர் பொய்?

ஒருவரும் பொய் இல்லை. எதனால் பிரித்தோம் என்பதுதான் வித்தியாசம். தரம் 10 தொடக்கத்தில் இடாப்பில் 16 பேர். பரீட்சைக்கு விண்ணப்பித்தது 12 பேர். மண்டபத்தில் வந்து இருந்தது 11 பேர். தகுதி பெற்றது 7 பேர். 11ஆல் பிரித்தால் 63.6. 12ஆல் பிரித்தால் 58.3. 16ஆல் பிரித்தால் 43.8. மூன்றும் உண்மை.

அதிபர்மார் சொல்வது பெரும்பாலும் முதலாவது. நான் கேட்பது எப்போதும் மூன்றாவது, ஏனென்றால் மண்டபத்துக்கு வராத அந்த ஐந்து பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பது அதில்தான் தெரியும். ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் கணிதம் ஓடாத பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு, “தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதட்டும், பிள்ளைக்கும் சுகம்” என்று சொன்னதை நான் நேரே கண்டிருக்கிறேன். தனிப்பட்ட பரீட்சார்த்தியின் சுட்டெண் பள்ளிக்கூடத்தின் கணக்கில் வராது. வீதம் கூடிவிடும், பிள்ளை ஒன்றும் புதிதாகப் படிக்கவில்லை.

உங்களிட்ட வாற பிள்ளையள் ஆர்? கெட்டிக்காரர் எல்லாம் ரவுணுக்குப் போயிட்டினமே?

பாதி உண்மை. தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்தவுடன் வெட்டுப்புள்ளி தாண்டிய பிள்ளையைத் தரம் 6க்கு நகரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். தாண்டாத பிள்ளையையும் கெஞ்சியோ பழைய மாணவர் உறவைப் பிடித்தோ கொண்டுபோகிறவர்கள் உண்டு. எஞ்சுவது, கொண்டுபோக வழி இல்லாத வீட்டுப் பிள்ளைகள். வழி இல்லை என்பதற்கும் மூளை இல்லை என்பதற்கும் தொடர்பு இல்லை. காலை ஆறு மணி பஸ்ஸில் ஏற்றிவிடவும் பின்னேரம் ரியூசன் முடிய ஏற்றி வரவும் வீட்டில் ஒருவர் வேண்டும்.

எங்கள் வகுப்பில் தகப்பன் தொழிலுக்குப் போகிற, அதாவது கடலுக்குப் போகிற வீடுகள், தோட்டக் கூலி வீடுகள், மேசன் வேலை வீடுகள் அதிகம். தாய் மட்டும் உழைக்கும் வீடு உண்டு. தாய் மத்திய கிழக்கில், பிள்ளை அம்மம்மாவோடு என்ற வீடும் உண்டு. அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்கும் குடும்பங்களும், கிடைக்க வேண்டியும் கிடைக்காத குடும்பங்களும் இருக்கின்றன. பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது. கொப்பி, சப்பாத்து, சைக்கிள் ரியூப் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் வீட்டில்தான் காசு பார்க்க வேண்டும். மழை மாதத்தில் ஒரு பெடியன் தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை என்று வீட்டுக்குப் போனேன். சப்பாத்து காயவில்லை. ஒரு சோடிதான். அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கருகின மணம் வீடு முழுக்க. அந்த மூன்று நாளும் வரவு இடாப்பில் காரணம் இல்லாத பூச்சியமாகத்தான் இருந்தது.

பழைய சேர்வு இடாப்புகளையும் புரட்டிப் பாருங்கள். விலகிய காரணம் எழுதும் நிரலில் 1990, 1995 ஆண்டுகளில் “இடப்பெயர்வு”, “இடப்பெயர்வு” என்று பக்கம் பக்கமாக, கீழே வரவர வெறும் இரட்டைக் கொமா அடையாளம். அதற்குப் பிறகு வந்த பக்கங்களில் “வெளிநாடு”. இந்தப் பள்ளிக்கூடம் முன்னர் சின்னது இல்லை. ஊர் சின்னதாகிவிட்டது.

பெரிய பள்ளிக்கூடத்தில ஓடேல்ல. தரம் 10 இல கொண்டுவந்து விடலாமோ?

விடலாம். விடுகைப் பத்திரமும் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியும் கொண்டு வாருங்கள். தெரிவுப் பாடங்களை முதலில் பாருங்கள். அங்கே கர்நாடக சங்கீதம் எடுத்த பிள்ளைக்கு இங்கே சங்கீத ஆசிரியர் இல்லாமல் இருக்கலாம். தரம் 11 நடுவில் மாற்றுவது நல்லதல்ல.

இப்படி வருகிற பிள்ளைகளுக்கு முதல் ஒரு மாதம் படிப்பு ஓடாது. 45 பேர் வகுப்பில் பின் வாங்கில் இருந்து பழகியவர்கள் 12 பேர் வகுப்பில் ஒளிக்க இடம் இல்லாமல் தவிப்பார்கள். பிறகு சரிவரும். வெளியில் எங்களை “விட்டுப்போனதுகளின்ர பள்ளிக்கூடம்” என்று சொல்கிறார்கள் என்பது தெரியும். அதைச் சொல்பவர்கள்தான் தரம் 10இல் வந்து கேட்பவர்களும்.

அப்ப இது தனியார் பள்ளிக்கூடம் மாதிரி ஒண்டோ? நாங்களே வேற மாதிரி ஒண்டைத் தொடங்கேலாதோ?

இது மாகாணப் பாடசாலை, கட்டணம் இல்லை. புதிதாகத் தொடங்குவது கடினம். 1960, 1961 ஆண்டுகளின் உதவி பெறும் பாடசாலைகள் சட்டங்கள் 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலை தொடங்க இடம் கொடுக்கவில்லை. சர்வதேசப் பாடசாலைகள் கம்பனியாகப் பதிந்து நடப்பது அதனால்தான். மாற்று முறையில் படிப்பிக்க விரும்புபவர்கள் பின்னேர வகுப்பு வைக்கலாம், அல்லது வலயத்தின் முறைசாராக் கல்விப் பிரிவோடு சேர்ந்து இடைவிலகிய பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தலாம். இரண்டாவதற்கு ஆள் தேவை மிக அதிகம்.

கணிதத்தில டபிள்யூ வாறதை நிப்பாட்ட ஏலாதோ? ஒரு சேர் தானே நீங்கள்?

என்னை நேரே கேட்கும் கேள்வி, ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கணிதத்தின் முதலாம் தாளில் பகுதி அ-வில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. பகுதி ஆ-வில் 5 வினா, ஒவ்வொன்றுக்கும் 10. இரண்டாம் தாளில் 10 வினா எழுத வேண்டும், அதற்கு 100. மொத்தம் 200, அதை இரண்டால் பிரிப்பார்கள். 35 வேண்டும் என்றால் 200இல் 70 எடுத்தால் ஏறத்தாழச் சரி. சிறு வினாவில் 15 சரி என்றால் 30. பகுதி ஆ-வில் 20. இரண்டாம் தாளில் வரைபும் புள்ளிவிபர அட்டவணையும் கொஞ்சம் செய்தால் 20. முடிந்தது.

பலவீனமான பிள்ளைக்கு நான் தேற்றம் சொல்லிக் கொடுப்பது கடைசியில்தான். பின்னம், சதவீதம், வட்டி, தொடைகள் (கணங்கள்), வரைபு முதலில். ஒரு பெடியனுக்குப் பின்னம் ஓடவே இல்லை. மீனைக் கூறு போடுவதை வைத்துக் கேட்டேன். ஐந்து கூறில் இரண்டு கூறு வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு என்றால் மிச்சத்தை மூன்று பேர் பிரித்தால் ஒருவருக்கு எவ்வளவு என்று கேட்டவுடன் பட்டென்று “அஞ்சில ஒண்டு” என்றான். கொப்பியில் அதே கணக்கை எழுதிக் கொடுத்தால் பேனாவைக் கடித்துக்கொண்டு இருந்தான். அவனுக்குத் தெரியாதது பின்னம் இல்லை, தாளில் எழுதுகிற முறை.

இன்னொன்று ஆளணி. ஆசிரியர் எண்ணிக்கை மாணவர் தொகையைப் பார்த்தே ஒதுக்கப்படும். தரம் 6 முதல் 11 வரை கணிதத்துக்கு ஒருவர்தான். அவர் பிரசவ விடுமுறையிலோ இடமாற்றத்திலோ போனால் ஆறு வகுப்பும் கணிதம் இல்லாமல் இருக்கும். பிறகு அந்த ஆண்டின் பெறுபேற்றை முன்னர் சொன்ன 8.3 வீதத்தோடு சேர்த்து வாசியுங்கள்.

பெடியள் ஏன் தரம் 10, 11 இல நிண்டுபோகினம்?

வேலை. 15 வயதுப் பெடியனுக்குக் கடலிலோ தோட்டத்திலோ நாட்கூலி கிடைக்கிறது. வெங்காயம் கிண்டும் நாட்களில் வகுப்பில் வாங்கு வெறுமை. முதலில் வெள்ளிக்கிழமை மட்டும் வராமல் இருப்பான், பிறகு வியாழனும். சட்டப்படி 16 வயது வரை பள்ளிக்கூடம் கட்டாயம். 2016இல் 14இலிருந்து உயர்த்தினார்கள். வேலைக்கு வைக்கக்கூடிய குறைந்த வயதும் 2021இல் 16 ஆகிவிட்டது. ஆனால் தகப்பன் தன் வள்ளத்தில் மகனை ஏற்றிப் போவதை எந்த உத்தியோகத்தர் போய்த் தடுப்பது? வீட்டுக்குப் போய்க் கதைப்பதுதான் எங்களிடம் உள்ள ஒரே வழி. சில வேளை சரிவரும்.

பெட்டையள் எத்தினை பேர் பாஸ், பெடியள் எத்தினை பேர் எண்டு ஏன் அட்டவணையில பிரிச்சுப் போடுறேல்ல?

பிரித்தால் ஆள் தெரிந்துவிடும். 12 பேரை ஆண், பெண் என்று பிரித்து, பிறகு சமயத்தால், பிறகு தாய் மட்டும் உள்ள வீடு என்று பிரித்தால் ஒரு கட்டத்தில் ஒரே ஒரு பிள்ளை நிற்கும். “தாய் மட்டும் உள்ள வீடு, ஆண், ஒருவர், சித்தியின்மை” என்று அறிவித்தல் பலகையில் போட்டால் அது எண்ணா, பெயரா? ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதிபருக்கும் வலயத்துக்கும் விபரமான அட்டவணை போகிறது. பலகைக்குப் போவது மொத்தம் மட்டும். 5 பேருக்குக் குறைந்த எந்தக் கட்டத்தையும் வெளியில் போடுவதில்லை என்பது நானே வைத்துக்கொண்ட விதி.

வெளிநாட்டில இருந்து காசு தாறம். ரியூசன் வைச்சால் வீதம் கூடுமோ?

கூடலாம். ஆனால் “வீதத்தை 80 ஆக்கித் தாங்கோ” என்று நிபந்தனை போடாதீர்கள். அந்த நிபந்தனைக்கு மிக எளிய வழி, மேலே சொன்ன தனிப்பட்ட பரீட்சார்த்தி வழிதான். காசு தர விரும்பினால் சைக்கிள், காலைச் சாப்பாடு, ஆசிரியர் இல்லாத காலத்தில் தொண்டராசிரியருக்கு ஒரு சிறு கொடுப்பனவு. சப்பாத்து இரண்டாவது சோடி. ஸ்மார்ட் போர்ட் ஏற்கனவே ஒன்று இருக்கிறது, துணி போட்டு மூடி.

தகுதி வராட்டில் பிள்ளையின்ர கதை முடிஞ்சுதோ?

இல்லை. கணிதம் மட்டும் போயிருந்தால் அடுத்த முறை அதை மட்டும் திரும்ப எழுதலாம். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், ஓ.எல் தகுதி இல்லாவிட்டாலும் தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில் தரம் 12, 13இல் தொழிற்பாடங்கள் படிக்கலாம். எந்தப் பாடசாலையில் எந்தப் பாடம் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும் தொழில்நுட்பக் கல்லூரியும் உண்டு. தேசிய தொழில் தகைமையில் மட்டம் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். ஏ.சி திருத்தப் போன எங்கள் பிள்ளை ஒருவர் இப்போது என்னைவிட நன்றாக உழைக்கிறார். அவரும் எங்கள் அட்டவணையில் “சித்தியடையாதவர்” தான்.

உங்களைப் பக்கத்துப் பெரிய பள்ளிக்கூடத்தோட சேர்த்துவிட்டால் என்ன?

சிலவேளை சரி. பிள்ளைத் தொகை மிகவும் குறைந்தால் நானே அதைச் சொல்வேன். ஆனால் சேர்த்தால் நாலைந்து கிலோமீற்றர் போக வேண்டும், பஸ் இல்லாத பாதை. பள்ளிக்கூடங்களைச் சேர்த்த பிறகும் 16ஆல் பிரிக்கிற கணக்கை யாராவது தொடர்ந்து போடுவார்களா என்று பாருங்கள். பெரிய பள்ளிக்கூடத்தின் 200 பேருக்குள் எங்கள் ஐந்து பேர் இரண்டரை வீதம். காணாமல் போனாலும் தெரியாது.

ஒண்டு விளங்கேல்ல சேர். பழைய பிள்ளையளும் முன்னேறியிருக்கினம், புதுசா வந்தவையும் முன்னேறியிருக்கினம் எண்டு சொல்லுறியள். மொத்தம் ஏன் விழுந்தது?

நல்ல கேள்வி, பலர் கேட்பதில்லை. முதலாம் ஆண்டு இங்கேயே படித்த 10 பேரில் 7 பேர் (70 வீதம்), தரம் 10இல் வந்து சேர்ந்த 4 பேரில் ஒருவர் (25 வீதம்). மொத்தம் 14இல் 8, அதாவது 57.1. அடுத்த ஆண்டு இங்கேயே படித்த 4 பேரில் 3 பேர் (75 வீதம்), வந்து சேர்ந்த 10 பேரில் 3 பேர் (30 வீதம்). இரண்டு பகுதியும் கூடியிருக்கிறது. மொத்தம் 14இல் 6, 42.9.

கலவை மாறிவிட்டது, அவ்வளவுதான். வேறு இடங்களில் விட்ட பிள்ளைகளை அதிகம் சேர்க்கச் சேர்க்க மொத்த வீதம் விழும், படிப்பிப்பது நன்றாகினாலும் விழும். வீதத்தைக் காப்பாற்ற நினைக்கும் அதிபர் செய்யும் முதல் வேலை, தரம் 10இல் வருபவர்களுக்குக் கதவைச் சாத்துவது.

உங்கட பிள்ளையை இஞ்ச விட்டனீங்களோ?

மூத்தவனை இல்லை. தரம் 5 வரை இங்கேதான். புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி தாண்டினான், நகரத்துக்குக் கொண்டுபோனேன். காலையில் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அதே சைக்கிளில் இங்கே படிப்பிக்க வருவேன். அந்த ஆண்டு சேர்வு இடாப்பு என் பொறுப்பில் இருந்தது. விலகிய காரணம் என்ற நிரலில் “வேறு பாடசாலை” என்று என் கையால்தான் எழுதினேன். இளையவள் தரம் 11 வரை இங்கே படித்தாள்.